சிலைக்குப் போன துப்பட்டா

ஜவ்வாது மலையின் சிற்பப் பூங்காவில் நிற்கிறேன். பாலே ஆடுகிறவர்கள் கட்டுவார்களே, விறைப்பாக விரிந்து நிற்கும் ரோஸ் நிற வலைப்பாவாடை, அதைத்தான் லெக்கிங்ஸ் மேல் போட்டிருக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் கிளம்பும் முதல் நாளில் இதைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சபதம் செய்திருந்தேன். வீறாப்பெல்லாம் போளூர் பஸ் ஸ்டாண்டு வரைதான். நாலு பேர் திரும்பிப் பார்த்ததும் துப்பட்டாவை இடுப்பில் சுற்றி மூடிக்கொண்டேன்.

எதிரே, கருங்கல்லில் ஒரு பெண் ஒற்றைக் காலில் ஆடுகிறாள். நெற்றியில் மஞ்சள், குங்குமம். இடுப்பில் வெளுத்துப்போன சிவப்புத் துணி. பூங்காவைப் பெருக்கும் அம்மாள் துடைப்பத்தை நிறுத்துகிறார்.

“கல்லுன்னாலும் பொம்பள தானங்க. வெறும் இடுப்போட வுட மனசு வர்ல. நாங்கதான் கட்டி வுட்டோம்.”

என் துப்பட்டாவுக்குக் கீழே எட்டிப் பார்க்கும் வலையை அவர் கவனித்துவிடுகிறார். “இது இன்னாங்க, இவளுக்குச் சாத்தவா எடுத்தாந்தீங்க?”

ஆமாம் என்றால் போதும். கழற்றிக் கொடுத்துவிட்டுக் கௌரவமாக வீடு போய்ச் சேரலாம்.

“இல்லங்க. எனக்குத்தான்.”

மேலும் கீழும் பார்க்கிறார். சிரிக்கவில்லை. “உங்களுக்குன்னா இன்னாத்துக்கு மூடிக்கினு கீறீங்க?”

துப்பட்டாவை அவிழ்த்து அவர் கையில் கொடுக்கிறேன். பழைய துணியை எடுத்துவிட்டு, என் துப்பட்டாவைச் சிலையின் இடுப்பில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுகிறார்.

திரும்பும் பஸ்ஸில் மூடிக்கொள்ள என்னிடம் இனி ஒன்றும் இல்லை.