மூன்றாவது சிலிண்டர்

மண்ணெண்ணெய் வாசனை தலைமுடியில் ஏறிவிட்டால் மூன்று முறை சீயக்காய் தேய்த்தாலும் போகாது. எட்டாம் வகுப்பு முடிந்த அந்தக் கோடை விடுமுறை முழுவதும் என் தலையணை, என் பாவாடை, நான் பிசைந்த தயிர்ச்சோறு எல்லாவற்றிலும் அதுதான் மணந்தது. இரும்புலியூரில் எங்கள் வீட்டு வாசலை ஒட்டிய இடத்தில் ஒரு பழைய ஃபியட்டை நிறுத்திவிட்டு, அதற்கென்று வாங்கிவந்த பழைய எஞ்சினைப் பிரித்துத் தரையில் பரப்பியிருந்தோம், நானும் அம்மாவும். வால்வு, ஸ்பிரிங், போல்ட் என்று ஒவ்வொன்றாக மண்ணெண்ணெய் டப்பில் ஊறவைத்து, டூத் பிரஷ்ஷால் கரியைத் தேய்த்து எடுப்பது என் வேலை.

நானும் அம்மாவும் என்றுதான் சொன்னேன். இதை இத்தனை வருடங்களாகத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டி வந்ததே என்ற கோபத்தில்தான் இப்போது எழுதவும் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் "இன்ஸ்பெக்‌ஷன்" பார்த்தாள். லேத்திலிருந்து வரும் பாகங்களை அளந்து, தேறியது ஒரு பெட்டி, தேறாதது இன்னொரு பெட்டி என்று பிரித்துப் போடும் வேலை; தலைமுடியின் கனத்தில் கால்வாசி கூடிப்போயிருந்தாலும் அவளிடமிருந்து தப்பாது. எங்கள் தெருவில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒருவர், எஞ்சின் போய்விட்ட தன் ஃபியட்டை எங்களையே வைத்துக்கொள்ளச் சொன்னபோது, "குப்பைய எதுக்கு உள்ள விடறே?" என்று அப்பா கேட்டார். அம்மா அந்த வண்டியின் கையேட்டை எங்கேயோ தேடிப்பிடித்து ஜெராக்ஸ் எடுத்து வந்தாள். அப்பா அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவர், நல்ல மனிதர்தான், ஆனால் ரேடியேட்டருக்கும் கார்புரேட்டருக்கும் வித்தியாசம் தெரியாது.

வாங்கிவந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் தேய்ந்திருந்தன. அவற்றைக் கொஞ்சம் பெரிதாகக் குடைந்து பெரிய பிஸ்டன் போடவேண்டும். எஞ்சின் கூட்டை ஆட்டோவில் காலடியில் வைத்து ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு சந்துக்குள் இருந்த போரிங் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரரின் முதல் கேள்வியே "சார் வர்லியா?" என்பதுதான். அம்மா ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளவு எழுதிய தாளை நீட்டினாள். அவர் அதைப் படிக்காமலே சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து அது வீட்டுக்குத் திரும்பி வந்ததும், அம்மா முதலாளியிடம் சொல்லிவிட்டு கம்பெனியிலிருந்து துளை அளக்கும் கேஜை எடுத்துவந்தாள். ஒன்றும் இரண்டும் நான்கும் சரி. மூன்றாவதில் கேஜை இறக்க இறக்க முள் நகர்ந்தது. மூன்று முறை அளந்தாள். பிறகு தன் அளவைச் சொல்லாமல் என்னிடம் கேஜைக் கொடுத்து, "நீ பாத்து எழுது" என்றாள். நான் எழுதியதும் அவள் எழுதியதும் ஒன்றாகவே இருந்தன: மேலே சரியாக இருந்தது, கீழே போகப் போக அகன்றுகொண்டே போனது. அப்படியே பூட்டினால் எண்ணெய் எரிந்து வண்டி புகை தள்ளும்.

மறுநாளே கடைக்குப் போனோம். "இன்னாம்மா, இருவது வருசமா இதே தொழில்ல கீறேன். வூட்ல குந்திகினு அளந்தா சரியா வருமா? கேஜ் தப்பா காட்டும்மா" என்றார்.

"அப்போ உங்க கேஜ எடுங்க. ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம்" என்றாள் அம்மா.

"சார இட்டுனு வா. அவராண்ட பேசிக்கிறேன்" என்று சொல்லி மிஷினைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் அம்மா அதற்குமேல் சொன்னது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்க வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை அப்பா வந்தார். அவருக்கு உடனே நாற்காலி வந்தது, டீ வந்தது. அளந்த நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். "ஓட ஓட அதுவா செட்டாயிடும் சார்" என்று கடைக்காரர் விளக்க விளக்க, அப்பா தலையாட்டினார். அந்தக் கடைக்காரரைக்கூட நான் மன்னித்துவிட்டேன், அந்தத் தலையாட்டலை இன்னும் மன்னிக்கவில்லை.

வரும் வழியில், "அவர் தொழில்காரர் கீதா, நீதான் ரொம்பப் பாக்கறே" என்றார் அப்பா அம்மாவிடம்.

"அப்பா, நானும் அளந்தேன்" என்றேன்.

"சரிடா கண்ணு" என்றார், நான் ஏதோ மிட்டாய் கேட்டதுபோல.

அம்மா சண்டை போடவில்லை. திங்கட்கிழமை கம்பெனி வண்டியிலேயே எஞ்சினை ஏற்றிக்கொண்டு போனாள். அங்கே மிஷின் ஓட்டிய பாஷா அண்ணன் ஒரே ஒரு முறை கேஜை இறக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, கெணறு மாதிரி கீது!" என்று சிரித்தாராம். அந்தத் துளைக்குள் ஸ்லீவ் என்ற புது இரும்பு உறையை இறக்கி மறுபடி குடைந்து கொடுத்தார். மூன்று நாள் மதிய சாப்பாட்டு நேரத்தில் அம்மா பக்கத்தில் நின்று அளந்துகொண்டே இருந்தாள்.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சின் உயிர் பெற்றது. மூன்று முறை இருமிவிட்டு நான்காவது முறை பிடித்துக்கொண்டது. முதலில் கொஞ்சம் புகை, பிறகு சுத்தமான, சீரான சத்தம். ஓட்டுநர் இருக்கையில் அம்மா, பக்கத்தில் நான். சத்தம் கேட்டு நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டு மாமா வேகமாக வந்து, இஸ்திரி போட்ட சட்டையில் கேட்டருகே நின்றிருந்த அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம் சார்! ரிட்டயர் ஆனதும் ஒர்க்‌ஷாப்பே வெச்சிடலாம் போல!"

அப்பா சிரித்தார். "ஏதோ, நம்மால முடிஞ்சது."

நம்மால! நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். "அவர் ஒரு ஸ்பேனரக்கூடத் தொடல! அம்மாதான் கட்டினாங்க. நானும்தான்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். "பொண்ணு நல்லா வாயாடறா சார்" என்றார் மாமா. கண்ணில் நீர் முட்டியது எனக்கு. உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: "ஏறுடி, போலாம்." பெருங்களத்தூர் வரை போய்த் திரும்பினோம். வழியெல்லாம் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள்.

ஏழு வருடம் அந்த வண்டி புகையே விடாமல் ஓடியது. பிறகு வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். அதில் எங்களுக்குக் கிடைத்த வீட்டுக்கு வண்டி நிறுத்த இடமில்லை என்று செங்கல்பட்டுக்காரர் ஒருவருக்கு விற்றோம். அந்தச் சந்தில் இப்போது ஒரு போரிங் கடைகூட இல்லை. இன்றைக்கு என் காரை சர்வீஸுக்கு விட்டால் என்னைக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்து காபி கொடுக்கிறார்கள். எஞ்சினைத் தொடுவது இருக்கட்டும், கிட்டே போய்ப் பார்க்கவும் வழியில்லை.

மாமா அப்பாவின் கையைக் குலுக்கிய அன்றைக்கு நீ ஏன் ஒன்றுமே சொல்லவில்லை என்று போன மாதம் அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு வண்டிய ஓட்டிப் பாக்கணும்டி. அங்க நின்னு பேசிட்டிருந்தா ஆஃப் ஆயிடுமோன்னு பயம்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் எதற்குச் சொல்ல வேண்டும்? சொல்லியிருக்க வேண்டியவர் அப்பா. தன்னிடம் நீண்ட அந்தக் கையை அப்படியே பிடித்து, காருக்குள் இருந்தவள் பக்கம் திருப்பிவிட்டிருந்தால் போதும். அதற்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.