வெரோனிகாவின் விண்ணப்பங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிளினிக்கின் கவுன்ட்டரில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருந்தவள் வெரோனிகா. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூலம், யார் மகள் எதற்காக ரத்தம் கொடுத்துவிட்டுப் போனாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நோயாளியின் விவரத்தை வெளியே சொல்வது சட்டப்படி குற்றம் என்று மூன்று மொழிகளில் அச்சடித்த தாளைச் சுவரில் ஒட்டியவளும் அவள்தான். அதை மறைத்து மாதா கோயில் காலண்டரை மாட்டியவளும் அவள்தான்.

புறம் பேசுவது பாவம் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே அவள் புறம் பேசுவதில்லை, ஜெபிக்கச் சொல்வாள். அவள் சர்ச்சின் ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் நூற்று நாற்பது பேர். காலையில் ஒரு விண்ணப்பம், கீழே கூப்பிய கைகள் மூன்று, கடைசியில் 'ஜெபத்துக்கு மட்டும்'. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அந்த நூற்று நாற்பது பேரில் எத்தனை பேர் ஜெபித்தார்களோ, படிக்காமல் விட்டவர் ஒருவருமில்லை.

போன மாதம் ஒன்று போட்டாள்: 'வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடும் சகோதரி கிளாரிசாவின் திருமணம் தடையின்றி நடக்க ஜெபிப்போம்.'

கிளாரிசா, தினமும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய்வரும் பாலர் பள்ளி ஆசிரியை. வலிப்புக்கு மருந்து வாங்குவது வெரோனிகாவின் கவுன்ட்டரில்தான். தன் நோயைப் பற்றி மாப்பிள்ளை பிரையனிடம் முதலிலேயே சொல்லியிருந்தாள். அவன் தாயாரிடம் சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று இருவரும் காத்திருந்தார்கள். தாயாரும் அந்தக் குழுவில்தான் இருந்தார். ஞாயிறு பூசைக்குள் கல்யாணம் நின்றுபோனது. அம்மா முறைத்ததும் பிரையனுக்கு எதுவுமே தெரியாமல் போய்விட்டது. அவன் ஆண்மை அவ்வளவுதான்.

கிளாரிசா அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. அந்தச் செய்தியை அச்செடுத்து, கிளினிக் டாக்டர் திருச்செல்வத்தின் மேசைமேல் வைத்தாள். அவர் வெரோனிகாவைக் கூப்பிட்டார்.

"டாக்டர், நான் நல்லதுக்குத்தான் போட்டேன் லா. ஜெபம் பண்றது தப்பா?"

"போடலாமான்னு இந்தப் பிள்ளைகிட்ட கேட்டீங்களா?"



டாக்டர் எழுந்து போய்க் காலண்டரைக் கழற்றினார். "இத உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. நாளைலேருந்து வர வேணாம்."

வெரோனிகாவின் முகம் வெளுத்தது. வேலை போனதற்காகக்கூட இல்லை. அந்த நூற்று நாற்பது பேரை நினைத்துத்தான். வெளியே வந்ததும் கிளாரிசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்டிய வேலைய விட்டு நிப்பாட்டினத சர்ச்சுல யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. மானமே போயிரும்."

கிளாரிசா கையை விடுவித்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"பயப்படாதீங்க ஆன்டி. ஜெபத்துக்கு மட்டும்தான் போடுவேன்."