பூப்போல ஒரு விசை

தனாவோ நகரில் போட்டிக் கைத்துப்பாக்கிகளுக்கு விசை சீராக்குபவர் தியோபிலோ லாவாஸ். உரிமம் பெற்ற பட்டறை, அதைவிடப் பெரிய வாய். "விசை லேசாகணும்னா விரலைப் பழக்கு டோங், அரத்தைக் கூப்பிடாதே" என்று வந்தவர்களையெல்லாம் டோங் எனச் செல்லமாக அழைத்து உபதேசம் செய்வார். அதில் மட்டும் மனுஷர் கஞ்சத்தனமே பார்ப்பதில்லை.

உபதேசம் தனக்கில்லை என்று எப்போது முடிவு செய்தாரோ, அவருக்கே தெரியாது. போட்டியில் ஒரு பல் டாக்டரிடம் திரும்பத் திரும்பத் தோற்றபோது இருக்கலாம். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சின்னக் கொக்கியைத் தன் துப்பாக்கியில் இன்னும் கொஞ்சம் ராவினார். விசை பூப்போல ஆனது. மயிரிழை அதிகமாகவே போய்விட்டது என்று கைக்குத் தெரிந்தது. புதுக் கொக்கி போட்டிருக்க வேண்டும். "புவேதே நா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பரவாயில்லை, இது போதும் என்று அர்த்தம். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் பட்டறையை விட்டே துரத்தியிருப்பார், மகா யோக்கியர்.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு நடுவர் அவர் மனைவி எபிபானியா. "லோடு பண்ணலாம்" என்றாள். அவர் தோட்டா அடைத்த மகசினைச் செருகி, பின்னுக்கு இழுத்த ஸ்லைடை விட்டார். விரல் விசையைத் தொடவே இல்லை. துப்பாக்கி தானாகவே வெடித்து, குண்டு எதிரேயிருந்த மணல்மேட்டில் புதைந்தது.

"நிறுத்து! ஆட்டத்துலேர்ந்து நீ வெளியே!" என்றாள் எபிபானியா.

"ஸ்பிரிங் உடைஞ்சிருக்கும், இண்டாய்" என்று மனைவியைச் செல்லமாக அழைத்து முனகினார். பொய் தேன் மாதிரி வந்தது. உண்மையைச் சொன்னால் நாளையிலிருந்து பட்டறையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். கூட்டம் நம்பிவிட்டது. சிலர் ஆறுதல்கூடச் சொன்னார்கள். வெட்கமில்லாமல் தலையாட்டினார்.

எபிபானியா நடுவர் வேலையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, தானும் சுட வந்து நின்றாள். தன் துப்பாக்கியை எடுத்தாள். அப்போதுதான் தியோபிலோவுக்கு அது நினைவு வந்தது. மணநாள் பரிசு என்று, அவளுக்கே தெரியாமல், அந்தத் துப்பாக்கியின் கொக்கியையும் அதே கையோடு ராவி வைத்திருந்தார்.

அவள் கை மகசினுக்குப் போனது.

"இண்டாய், போடாதே! உன்னோடதையும் நான் ராவிட்டேன்! ஸ்பிரிங்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, எல்லாம் நான்தான்!"

கத்தல் மைதானம் முழுக்கக் கேட்டது. பயத்தில் அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

எபிபானியா துப்பாக்கியை மெல்ல மேசைமேல் வைத்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்தப் பரிசை இன்னும் யார் யாருக்குக் கொடுத்திருக்கே, டோங்?"

அவர் வாயைத் திறப்பதற்குள், வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் துப்பாக்கி பெல்ட்டைக் கழற்றத் தொடங்கினார்கள்.