அவிழாத விறகுக் கட்டு

லயத்து வீடு, தொழிலாளர்களின் வரிசை வீடு, யாருக்கும் சொந்தமில்லை. எஸ்டேட்டில் வேலை இருக்கிறவரைதான் கூரை. ஆனாலும் எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டைக் காலி செய்கிறவர்கள், அடுத்து வருகிறவர்களுக்காக அடுப்படியில் ஒரு கட்டு விறகு வைத்துவிட்டுப் போக வேண்டும். பிடுங்கிப் போட்ட தேயிலைச் செடியின் காய்ந்த கட்டைகள். இந்த மலைக் குளிரில், வந்த அன்றைக்கே யார் விறகு தேடி அலைவது?

எங்களுக்கு முன்னால் இருந்த கிறிஸ்தவக் குடும்பம் விட்டுப்போன விறகில்தான் அம்மா அங்கே முதல் உலை வைத்தார். அப்பா ஓய்வு பெற்று நாங்கள் கிளம்பும் நாளில், லோரி வாசலில் நிற்கிறது, எனக்கோ எரிச்சல். "துரத்துற வீட்டுக்கு விறகு ஒண்ணுதான் கேடு!" என்று கத்தினேன். அம்மா காதிலேயே வாங்கவில்லை. நல்ல கட்டையாகப் பொறுக்கிக் கட்டி வைத்தார்.

போன மாதம் கம்போங் ராஜா ஊருக்குப் போகும் வழியில் அந்தப் பழைய லயத்தில் இறங்கினேன். இப்போது நேப்பாளத் தொழிலாளர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். கேஸ் அடுப்பு. முன்பு இங்கே நாங்கள்தான் இருந்தோம் என்று மலாய் மொழியில் சொன்னதும், மூத்தவர் உள்ளே போய் அந்த விறகுக் கட்டைத் தூக்கி வந்தார். அம்மா போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"மறந்துட்டுப் போயிட்டீங்க. வருவீங்கன்னு நனையாம வச்சிருந்தோம்" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தேன். முடிச்சைத் தடவிப் பார்த்தார்.

"பாவம்லா. அந்தக் குளிருல இதை எரிக்காமயா இருந்தாங்க?"