குடிக்காமல் வைத்த பாட்டில்கள்

ஊரில் அவளுக்குப் பால்காரி என்று பெயர். பால் தொழிற்சாலை மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது அவள் காய்ச்சுவது பீர். ஆனாலும் பெயர் ஒட்டினால் ஒட்டினதுதான். அதே கட்டடத்தின் பின்பகுதியில், வடிகாலை நோக்கிச் சரியும் அதே சிமெண்டுத் தரையில்தான் அவளுடைய தொட்டிகள் நிற்கின்றன. "பால்காரி பீர் வந்துடுச்சா?" என்று கடையில் கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கும் சிரிப்பு வருவதில்லை, கடைக்காரருக்கும் வருவதில்லை.

பால் தொழிற்சாலையில் தொட்டி கழுவச் சேர்ந்தவள், பிறகு பரிசோதனை மேஜைக்கு வந்தாள். பாலும் பீரும் அக்கா தங்கை என்பாள். தொட்டியில் நகக்கண் அளவு அழுக்கு இருந்தால் போதும், இரண்டும் மானத்தை வாங்கிவிடும். தொழிற்சாலை மூடியதும் கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். அவள் தான் கழுவிய தொட்டிகளில் இரண்டை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். என்ன செய்யப்போகிறோம் என்று அப்போது அவளுக்கே தெரியாது.

சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் கணவன் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது, ஏதோ துறைமுகத்தில் வாங்கிய ஐ.பி.ஏ. என்ற கசப்பு பீர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தான். முதல் வாய்க்கு முகத்தைச் சுளித்தாள். அடுத்த வாய்க்குச் சுளிக்கவில்லை. பிறகு பாட்டிலைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்க ஆரம்பித்தாள். கசப்புக்குள்ளே ஆரஞ்சுத் தோல் மணம் இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஹாப்ஸ் என்ற கொடியின் பச்சைப் பூவிலிருந்து வருகிறது என்று தெரிந்தபின் இன்னும் வரவில்லை.

கம்பெனி பீர் லாரியில் வருகிறது. எந்த ஊரில் குடித்தாலும் ஒரே ருசி. பால்காரியின் பீர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். ஊருக்கு அதுதான் பிடித்தது. கம்பெனி பீர் சரியில்லை என்றால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? பால்காரி என்றால் காய்கறிக் கடையில் வைத்தே கேட்டுவிடலாம். "போன தடவை கசப்பு தூக்கலா இருந்துச்சே, வீட்டுல ஏதும் சண்டையா?" என்று கேட்பார்கள். அவளும் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே பதில் சொல்வாள்.

சொந்த வீட்டில்தான் வாடிக்கை இல்லை. மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாடி அறையில் இருக்கிறார். குடித்தால் கம்பெனி பீர்தான்.

"ஏம்மா, காய்ச்சலுக்குக் குடுக்கற கஷாயத்தைப் போய் பாட்டில்ல அடைச்சு விக்கிறியே."

"வாங்கறவங்களுக்குக் காய்ச்சல் இருக்கும்போல மாமா."

இந்த வருடம் டீச்சர் வீட்டு வேலியில் ஹாப்ஸ் பூத்துக் குலுங்கியது. தையல் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்ற டீச்சர், விளையாட்டாக நட்ட கொடி அது. அதுவரை பால்காரிக்கு ஹாப்ஸ் எங்கெங்கிருந்தோ பையில் வந்துகொண்டிருந்தது. டீச்சர் தன் வீட்டில் காலியாகக் கிடந்த அறையில் படுக்கை விரிப்புகளைப் பரப்பி, பூக்களை உலர்த்தி, தலையணை உறையில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். காய்ச்சிப் புளித்து அடங்கிய பீரில் பால்காரி அதைக் கொட்டினாள். மறுநாள் தொட்டியைத் திறந்தபோது எழுந்த மணம் கட்டடம் முழுக்க நிறைந்தது.

ஊர்ப் பாலத்தைப் புதுப்பித்துத் திறக்கிற நாள் நெருங்கியிருந்தது. முதல்முறையாக ஊர் மண்ணில் விளைந்த ஹாப்ஸ், அதுவும் பாலம் திறக்கிற அன்று. அவள் அவசரப்பட்டாள். பதறாத காரியம் சிதறாது என்பது அவளுக்குத் தெரியாததில்லை. பீர் அடங்கியபின் போடும் ஹாப்ஸில் ஒரு குணம் உண்டு. பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவைத்த மிச்சத்தை அது சர்க்கரையாக உடைத்துக் கொடுக்கும். தூங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட் எழுந்து மறுபடி பந்தியில் உட்கார்ந்துவிடும். அது அடங்குகிறவரை பொறுத்திருந்து பிறகுதான் பாட்டிலில் அடைக்க வேண்டும். அவள் பொறுக்கவில்லை.

பாலம் திறந்த அன்று பாட்டில்கள் பறந்தன. அன்றே குடித்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல பீர் என்றார்கள். வாங்கியவர்களில் பாதிப்பேர் ஒன்றைக் குடித்துவிட்டு ஒன்றை நினைவுக்கென்று எடுத்து வைத்தார்கள்.

சில வாரங்கள் கழித்துச் சோதித்துப் பார்க்க, கொதிகலன் பக்கத்து அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் தொட்டிமேல் வைத்து மூடியை நெம்பினாள். மூடி கூரையில் போய் அடித்தது. பீர் அதைத் துரத்திக்கொண்டு போனது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பாட்டிலுக்குள் ஈஸ்ட் இன்னும் சர்க்கரையைத் தின்று வாயுவை விட்டுக்கொண்டிருக்கிறது. ஃப்ரிட்ஜில் இருப்பவை தூங்கும். வெளியே, சூட்டில் இருப்பவை ஒருநாள் கண்ணாடியோடு வெடிக்கும்.

நினைவுக்கு வைத்த பாட்டிலை யார் ஃப்ரிட்ஜில் வைப்பார்கள்? டி.வி. பக்கத்தில், ஷோகேஸில், ஜன்னல் விளிம்பில், முடிதிருத்தும் கடைக் கண்ணாடிக்கு முன்னால் என்று ஊர் முழுக்க நிற்கின்றன. போகிற வீட்டிலெல்லாம் பார்த்துப் பார்த்து அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இப்போது அதே இடங்களை ஒவ்வொன்றாக நினைத்தாள். தூசி தட்ட ஒருவர் பாட்டிலைக் கையில் எடுக்கிற நேரத்தில் வெடித்தால்?

ஊர்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் செய்தி போட்டாள். யாரும் பாட்டிலைத் தொட வேண்டாம், பக்கத்தில் போக வேண்டாம், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. 'நல்ல விளம்பரம்' என்று ஒருவர் எழுதினார்.

கொழுந்தனுக்கு வெல்டிங் பட்டறை. கண்ணுக்கு நேரே தெளிவான கண்ணாடி வைத்த முகக்கவசம் இரண்டையும் தோல் கையுறைகளையும் எடுத்துக்கொண்டு வந்தான். வேனில் ஐஸ் பெட்டிகளை ஏற்றினார்கள்.

"அண்ணி, இந்தக் கோலத்துல போனா பீர் எடுக்க வந்த மாதிரி இருக்காது. கொள்ளையடிக்க வந்த மாதிரி இருக்கும்."

"எப்படி இருந்தா என்ன. யார் கண்ணுலயும் படாம இருந்தா சரி."

"நாம படாமலா?"

"கண்ணாடிச் சில்லுடா."

முடிதிருத்துபவர், நாற்காலியில் இருந்தவருக்குப் பாதித் தலை வெட்டிய நிலையில் இவர்களைப் பார்த்து நின்றுவிட்டார். பாட்டில் கண்ணாடிப் பலகையில், மாலை வெயில் நேரே விழும் இடத்தில் இருந்தது.

"தர மாட்டேன்க்கா. கடைக்கு வர்றவன் எல்லாம் அதைத்தான் கேக்கறான். அடுத்த ஊர்க்காரன் ஒருத்தன் வாயைப் பொளந்துட்டுப் போனான்."

"அது குண்டுப்பா."

"உங்க கைப்பக்குவத்தை நீங்களே இப்படிச் சொல்லலாமா?"

நாற்காலியில் இருந்தவர் போர்த்திய துணியோடு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். "குடுத்துத் தொலைங்க. எனக்கு இன்னும் பாதித் தலை பாக்கி இருக்கு" என்றார் அங்கிருந்தே.

இப்படியே வீடு வீடாகப் போனார்கள். கொடுக்க மறுத்தவர்களிடம் அடுத்த தடவை ஒன்றுக்கு இரண்டாகத் தருவதாகச் சொன்னாள். அதற்கும் மசியாதவர்கள் இருந்தார்கள். "அடுத்த தடவை வர்றது அடுத்த தடவைதானே. இது முதல் தடவை" என்றாள் ஒரு தையல்காரி. கொழுந்தன் நீட்டிய கவசத்தைப் பார்த்தபிறகுதான் அவர்களும் கொடுத்தார்கள். கம்பெனி பீரில் ஏதாவது கோளாறு என்றால் செய்தித்தாளில் நாலு வரி போடுவார்கள். அது எந்த வீட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அன்று அவளால் சாப்பிட உட்கார முடியவில்லை.

டீச்சரிடம் போவதற்குத்தான் கால் வரவில்லை. டீச்சர் செய்தியைப் படித்துவிட்டு, பாட்டில் இருந்த அறைக் கதவைச் சாத்தி வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என் ஹாப்ஸ்லதான் ஏதோ கோளாறுன்னு பேசிக்கறாங்களே."

"ஹாப்ஸ் தங்கம் டீச்சர். நான்தான் பொறுக்கல. பாலம் எங்க போயிடப்போகுதுன்னு எனக்குத் தோணல."

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தாள். "வெளியிலயும் இதையே சொல்லுவியா?"

"எல்லா வீட்டுலயும் அதைத்தான் சொல்லிட்டு வர்றேன்."

"அப்ப சரி. எடுத்துக்க." பாட்டிலை ஐஸில் இறக்கியபிறகு டீச்சர் கேட்டாள்: "உன் மாமனார்கிட்ட வாங்கிட்டியா? அன்னிக்கு வரிசையில எனக்கு முன்னாடி நின்னாரே."

பால்காரி கவசத்தைக் கழற்றவில்லை. வேனில் அப்படியே உட்கார்ந்து வீட்டுக்கு வந்தாள். குளிர் காலம். மாமாவின் அறையில் ஹீட்டர் பகல் முழுக்க எரியும்.

மாடியில் அவர் கட்டிலில் சாய்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாட்டில் எங்க மாமா?"

"எந்தப் பாட்டில்?"

"நீங்க வாங்கினது."

"குடிச்சிட்டேன்."

"நீங்களா?"

அவர் ரேடியோவை அணைத்தார். ஹீட்டரை ஒட்டியிருந்த அலமாரியைப் பார்க்காமல் இருக்க மெனக்கெட்டார். அது போதுமாக இருந்தது. அவள் ஹீட்டரை நிறுத்திவிட்டு அவரை வாசலுக்கு அனுப்பினாள். அலமாரியில் கம்பளிப் போர்வைகளுக்கு நடுவே, கைக்குழந்தையைப் போலச் சுற்றிப் படுக்கவைத்திருந்தார். போர்வையைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை நாளும் அதிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் அவர் தலை வைத்துத் தூங்கியிருக்கிறார்.

நனைத்த சாக்கை மேலே போர்த்தி, அப்படியே அள்ளி, இரும்பு வாளிக்குள் இறக்கி மூடினாள். கவசம் போட்ட முகத்தோடு, நீட்டிப் பிடித்த வாளியோடு படியில் இறங்க வேண்டும். கால் வைக்கும் இடம் தெரியவில்லை.

"நில்லு" என்றார் மாமா கீழ்ப்படியிலிருந்து.

"தள்ளிப் போங்க மாமா. வாசலுக்குப் போங்க."

"போயிட்டேன், போயிட்டேன். இங்கிருந்தே சொல்றேன். வா… வரலாம், வரலாம். கொஞ்சம் ரைட்டுல ஒடி. இந்தப் படி குறுகல், மெதுவா. நிறுத்து. இப்ப நேரா விடு. வா, வா, வா…"

அவள் ஒரு பஸ்ஸைப் போல இறங்கி முற்றத்துக்கு வந்தாள். கொழுந்தன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தான்.

ஐஸில் நன்றாகக் குளிர்ந்தபிறகு, துணி போட்டு மூடி, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினாள். நீண்ட சீறல். பிறகு நுரை பொங்கி வாளியில் வழிந்து, மெல்ல அடங்கியது. பாட்டில் உடையவில்லை. ஊரில் எடுக்க வேண்டியது இனி ஒன்றும் இல்லை. அப்போதுதான் கவசத்தைக் கழற்றினாள். கன்னத்தில் அதன் விளிம்பு பதிந்திருந்தது. கையுறையை மட்டும் கழற்றவில்லை.

"குடிக்க மாட்டீங்க. அப்புறம் எதுக்கு மாமா ஒளிச்சு வெச்சீங்க?"

அவர் வழிந்த நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை டிப்போ ஆளுங்க எல்லாம் கூடறோம். மருமக செஞ்சதுன்னு காட்டறேன்னு போன வருஷமே சொல்லிட்டேன். இப்ப வெறுங்கையோட போய் நிக்கணும்."

"வேற பீர் இருக்கே. நல்லா அடங்கினது. ரெண்டு தர்றேன்."

"அது எல்லாக் கடையிலயும் கிடைக்குது." அவள் கழற்றி வைத்த கவசத்தைப் பார்த்தார். "நீ வா."

"நான் வந்து என்ன பண்றது?"

"நடந்ததைச் சொல்லு. நீ சொன்னாத்தான் நம்புவானுங்க, நான் சொன்னா கதை விடறேம்பானுங்க. அந்த முகமூடியையும் எடுத்துக்க."

"அது என்னோடது" என்றான் கொழுந்தன்.

"ஞாயித்துக்கிழமை உனக்கு எதுக்குடா?" என்றார் அவர். பிறகு மருமகளிடம், "வேன் வேண்டாம், பஸ்லயே போயிடலாம். முன் சீட்டு பிடிக்கணும், அதனால சீக்கிரம் கிளம்பணும்" என்றார்.

சரி என்றாள். கையுறையைக் கழற்றி, வாளியைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.