அமரர் சிவானந்தன் கேடயம்

வசந்தமலருக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம் பேசும். லண்டன் புறநகர் மோர்டனில் அவளுடைய அண்ணன் தில்லையம்பலத்தின் வீட்டில் ஆவணி மாதம் பிறந்தால் குசினிப்பக்கம் போக அண்ணிக்கே பயம். அந்த மாதத்தில்தான் ஊர் விளையாட்டுக் கழகத்தின் லண்டன் கிளை உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடத்தும். இறுதியாட்டம் முடிந்ததும், சிறந்த கோல் காப்பாளருக்கு ‘அமரர் சிவானந்தன் ஞாபகார்த்தக் கேடயம்’ என்று ஒன்று கொடுப்பார்கள். சிவானந்தன் அவளுடைய புருஷன். கேடயத்தை எடுத்துக் கொடுக்கவேண்டியதும் அவள்தான்.

போட்டி தொடங்கும்போது விளக்கேற்ற அவளைக் கூப்பிட மாட்டார்கள். அதற்குக் கணவனோடு சோடியாக வந்து நிற்கும் டொக்டர் வீட்டு அம்மாக்கள் இருந்தார்கள். கேடயம் கொடுக்க மட்டும் அவள் வேண்டும். வெளிறின சேலையும் வெறும் நெற்றியுமாக அவள் மேடையேறினால் சனம் உச்சுக்கொட்டும். ‘பாவம், இளம் பிள்ளை’ என்று சொல்லிக்கொண்டே மட்டன் ரோல் வாங்க வரிசைக்குப் போகும். இந்தக் கூத்தைத்தான் அவள் நாலு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடிவந்தாள்.

ஊரில் சண்டைக்குள்ளே என்ன பந்தாட்டம் என்று கேட்பவர்களுக்கு எண்பதுகளில் எங்கள் பொடியன்கள் இருந்த இருப்புத் தெரியாது. ஆர்மி ஹெலிகொப்டர் வந்தால் ஓடிப்போய்ப் பங்கருக்குள் படுப்பார்கள். போனதும் வெளியே வந்து, விட்ட இடத்தில் பந்தை வைத்து, விட்ட கோல் கணக்கிலிருந்தே தொடங்குவார்கள். எண்பத்தாறாம் ஆண்டு இறுதியாட்டமும் அப்படித்தான் நடந்தது. சிவானந்தன் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தவன், கழகத்துக் கோல் காப்பாளன். கல்யாணமாகி ஒரு வருஷம் முடியவில்லை. இரண்டாம் பாதியில் ஆர்மி மைதானத்தை நாலு பக்கமும் வளைத்து, விளையாடினவர்களையும் பார்த்துக்கொண்டு நின்றவர்களையும் அள்ளிக்கொண்டு போனது. பாதிப்பேர் ஒரு கிழமையில் திரும்பி வந்தார்கள். சிவானந்தன் வரவில்லை. வெளியில் இருந்து ஆட்டக்காரர் சூப்பத் தேசிக்காய் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த குலசேகரமும் வரவில்லை. அவன் கழகத்தில் இருந்தான் என்பதற்காக மேலங்கி கொடுத்திருந்தார்களே தவிர, ஒருநாளும் மைதானத்துக்குள் இறக்கினதில்லை.

பிறகு ஒரு கதை கிளம்பியது. தெருவோரம் எரிந்து கிடந்த உடல்களில் ஒன்று சிவானந்தன் மாதிரி இருந்ததாம். பார்த்தவன் யார் என்று யாருக்கும் தெரியாது. வசந்தமலர் அதை நம்பவில்லை. காலையில் பூசின குங்குமம் பின்னேரம் வரைக்கும் நெற்றியில் இருந்தது. ஆனால் அந்தக் கதை டெலிபோனில் லண்டனுக்குப் போனது. லண்டன்காரர் பொறுத்திருப்பார்களா? மண்டபம் எடுத்தார்கள், அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள், படத்தைச் சுற்றிப் பூப்போட்டுக் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடித்து ஊருக்கும் ஒரு கட்டு அனுப்பினார்கள். ஊர் அதைக் கண்ட பிறகுதான் நம்பியது. லண்டனில் அச்சடித்து வந்தது பொய்யாக இருக்குமா? மாமியார் உடலில்லாமலே அந்தியேட்டிச் சடங்கு செய்வித்தார். அன்றைக்குத்தான் பெண்கள் நாலுபேர் கூடி வசந்தமலரின் பொட்டை அழித்தார்கள்.

எண்பத்தெட்டில் அண்ணன் அவளை லண்டனுக்கு எடுத்துவிட்டார். தில்லையம்பலம் கெட்ட மனுஷர் என்று சொல்ல ஏலாது. தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. ஒரு காலத்தில் கழகத்தின் கப்டன், இப்போது கிளைத் தலைவர். ஊரே போய்விட்டாலும் கழகம் போகக்கூடாது என்று நின்றவர். தங்கைக்கு ஒரு அறை கொடுத்தார், சான்விச் பேக்டரியில் ஷிப்ட் வேலை பிடித்துக் கொடுத்தார். கேடயத்தையும் அவர்தான் தொடக்கினார்.

தொண்ணூற்றிரண்டு ஆவணியில், இறுதியாட்டத்துக்கு முன் வந்த வெள்ளிக்கிழமை, வசந்தமலர் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். பூசை முடிந்து சப்பாத்துப் போடக் குனிந்தபோது, காய்ந்த விறகு மாதிரி ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான். அக்கா என்று கூப்பிட்ட குரலில்தான் குலசேகரம் என்று அடையாளம் பிடித்தாள். லண்டனுக்கு வந்து ஒரு கிழமை என்றான். அவளுடைய நெற்றியைப் பார்த்தவன் திடுக்கிட்டு, சிவானந்தன் அண்ணைக்கு என்ன நடந்தது, எப்போது செய்தி வந்தது என்று கேட்டான்.

இதென்ன விசர்க்கதை என்று நினைத்தாள் அவள். செத்து ஆறு வருஷமாகிறது, உனக்குத் தெரியாதா என்றாள்.

“ஆறு வருஷமோ? எண்பத்தொன்பதில நான் வெளிய வரேக்க அவர் உள்ளுக்கைதானே அக்கா இருந்தவர்.”

அவள் அங்கேயே வாசற்படிக் கல்லில் இருந்துவிட்டாள். அவன் முன்னால் குந்தியிருந்து சொன்னான். இரண்டு பேரும் தெற்கே ஒரு முகாமில் ஒரே கூடத்தில்தான் இருந்தார்கள். சிவானந்தன் கிழிந்த சாரத்துணித் துண்டுகளைச் சுற்றிப் பந்து கட்டி, உள்ளே இருந்தவர்களை இரண்டு அணியாகப் பிரித்து ஆட வைத்தான். எண்பத்தொன்பது மாரியில் வெளிநாட்டு மனித உரிமைக்காரர் சிலர் வந்தார்கள்.

“அவையள் பேர் சொல்லிக் கேட்டவை அக்கா. லண்டனில எங்கடை கழகம் குடுத்த பேராம். எங்கடை ஊரில என்னோட சேர்த்து அஞ்சு பேரைக் கேட்டவை. அண்ணை எனக்குப் பக்கத்திலதான் நிண்டவர். அவற்றை பேரை ஒருத்தரும் கேக்கேல்லை.”

பேர் சொல்லிக் கேட்கப்பட்டவர்களை ஒளிக்க வழியில்லாமல் கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்கள். மற்றவர்களை லொறியில் ஏற்றி வேறெங்கோ கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு சிவானந்தனைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. இதையெல்லாம் தான் தொண்ணூறில் ஊர்ப்பக்கம் போகாமலே கொழும்புக்கு வந்த உடனேயே தில்லையம்பலம் அண்ணைக்கு டெலிபோனில் சொன்னதாகவும், அவர் தானே உங்களுக்குப் பக்குவமாகச் சொல்வதாகச் சொன்னதாகவும் குலசேகரம் சொன்னான்.

மோர்டன் வரைக்கும் அவள் எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தேசிக்காய் வெட்டினவனுக்குக் கேடயம் செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. அதனால் அவன் பேர் கேட்கப்பட்டது, அவன் உயிரோடு வந்து நிற்கிறான். கெட்டிக்காரனைக் கேடயத்தில் வெட்டி வைத்துவிட்டார்கள். எத்தனை ஆவணி இந்தக் கையால் எடுத்துக் கொடுத்தேன், எத்தனை பேருக்குக் கை குலுக்கினேன் என்று தன் கையையே வெட்டிப் போடவேண்டும் போலிருந்தது.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் இந்த முறை பாத்திரத்தை விட்டுவிட்டு வாயால் கேட்டாள். மனித உரிமைக்காரரிடம் பேர் கொடுத்தது நீங்களா என்றாள். ஓம் என்றார். தன் புருஷனுடைய பேரை ஏன் கொடுக்கவில்லை என்றாள். அவர் கையைத் தட்டிலேயே உதறினார்.

“செத்தவன் எண்டு உலகத்துக்கே சொல்லிப்போட்டு, பிறகு எப்பிடிப் பிள்ளை அவன்ரை பேரைக் குடுக்கிறது? மற்ற அஞ்சு பேரையும் நம்பாமல் விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சன்.”

அது பொய்யில்லை, அவர் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் குலசேகரம் டெலிபோன் எடுத்துச் சொன்ன பிறகு? இரண்டு வருஷமாக ஏன் வாய் திறக்கவில்லை? தெரிந்துகொண்டே போன வருஷமும் என்னை மேடையில் ஏற்றினீர்களே என்று அவள் கேட்டபோது, அண்ணன் அவளைப் பார்க்காமல் தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தார். சொன்னால் நீ வாழ்நாள் முழுக்கக் காத்துக்கொண்டிருப்பாய், எங்கேயாவது இரண்டாம் முறை கட்டிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன் என்றார். ஆர்மி கொண்டுபோன ஆள் இனி இருக்கவா போகிறான் என்றும் சொன்னார்.

“காத்திருக்கிறதும் விடுறதும் என்ரை பாடு. அதைத் தீர்மானிக்க நீங்கள் ஆர்?” என்றாள்.

கேடயத்தில் அந்தப் பேர் இருக்கக்கூடாது, அவர் உயிரோடு இருந்தார் என்று கழகமே எழுதிக் கொடுக்கவேண்டும், எம்.பி.யிடம் போகவேண்டும். அவள் கேட்டதெல்லாம் இவ்வளவுதான். அண்ணன் இறுதியாட்டம் முடியட்டும் என்றார். கழகச் சிறப்பு மலர் அச்சாகிவிட்டது, கனடாவிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள், இப்போது சொன்னால் கழகத்தின் மானம் போய்விடும் என்றார். ஒரு மனுஷனுடைய உயிருக்கு முன்னால் மானமாம், மண்ணாங்கட்டியாம்.

இறுதியாட்டத்தன்று வசந்தமலர் நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, கல்யாணக் கூறைச்சேலை உடுத்து மைதானத்துக்கு வந்தாள். பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக் காட்டினார்கள். பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள். பக்கத்து மைதானத்தில் அவுஸ்திரேலியப் பொடியன்கள் முட்டை வடிவப் பந்தைக் கையால் குத்தியும் காலால் உதைத்தும் தங்கள் நாட்டு ஆட்டத்தின் சம்பியன் போட்டியை ஆடிக்கொண்டிருந்தார்கள். விழுந்தார்கள், எழும்பினார்கள், ஒருவனை ஒருவன் பிடித்துத் தள்ளிச் சிரித்தார்கள். ஆட்டம் முடிந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்கு அவர்கள்மேலும் ஆத்திரம் வந்தது.

ஆட்டம் முடிந்தது. தில்லையம்பலம் ஒலிவாங்கியில் வழக்கமான வார்த்தைகளைச் சொன்னார். அமரர் என்ற இடத்தில் குரல் கொஞ்சம் தடக்கியது, ஆனாலும் சொல்லிவிட்டார். வசந்தமலர் மேடையேறினாள். கேடயத்தை மேசையிலேயே விட்டுவிட்டு ஒலிவாங்கியை எடுத்தாள்.

“என்ரை மனுசன் அமரர் இல்லை. எண்பத்தொன்பதில உயிரோட நிண்டவர். இஞ்சையிருந்து ஒருத்தர் பேர் சொல்லியிருந்தால் வெளிய வந்திருப்பார். கண்ணால கண்டவன் இதுக்கை நிக்கிறான்.”

குலசேகரத்துக்கு அகதிக் கேஸ் நடந்துகொண்டிருந்தது. சும்மா வாயைக் கொடுத்துக் கேஸைப் பழுதாக்காதே என்று கழகத்துப் பெரிய மனுஷர்கள் காலையிலேயே அவனைப் பிடித்துப் பயப்படுத்தி வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும் அவன் வந்தான். மேடையில் அவள் பக்கத்தில் நின்று ஓம், நான் கண்டேன் என்றான். கேடயம் வாங்க வந்த கோல் காப்பாளன் என்ன செய்வதென்று தெரியாமல் கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றான்.

சனம் என்ன செய்தது என்கிறீர்கள்? நல்ல நாளும் அதுவுமாக இப்படிச் செய்யலாமா, வீட்டில் பேசவேண்டியதை வெளியில் பேசலாமா, அண்ணன் எடுத்துவிட்ட நன்றி இல்லையா என்று அவளைத்தான் பிடித்துத் தின்றது. அவருடைய பேரைக் கொடுக்காமல் விட்ட அண்ணனை ஒரு சொல் கேட்கவில்லை. அன்றிரவே அவள் உடுப்புகளை இரண்டு பையில் போட்டுக்கொண்டு, லண்டனின் மறுகோடியில் குட்மேய்ஸில் பேக்டரிச் சிநேகிதி தவநாயகி எடுத்துக் கொடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

அந்தப் பகுதி எம்.பி. நல்ல மனுஷன். வசந்தமலர் சொன்னதைத் தவநாயகியின் மகள் இங்கிலீசில் சொல்ல, குறுக்கே பேசாமல் கேட்டார். குலசேகரத்தையும் கண்டதைச் சொல்ல வைத்தார். பிறகு கொழும்புக்கு எழுதி, இந்த ஆள் எங்கே என்று கேட்டார். மாரி முழுக்க அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். வேலைக்குப் போகும்போதும் குங்குமம் வைத்தாள். கடையில் காணும் ஊர்ப்பெண்கள் பார்வையைத் திருப்பினால், எட்டிப்போய் அவர்கள் முன்னால் நின்று, எப்படிச் சுகம் என்று கேட்டாள்.

பங்குனியில் எம்.பி. கூப்பிட்டார். பதிலை வாசிக்கத் தொடங்கியவர் இடையில் நிறுத்தி, தனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது என்றார். அப்படி ஒருவரை ஒருநாளும் தடுத்து வைக்கவில்லை என்று கொழும்பில் சொன்னார்களாம். அவர் எண்பத்தாறிலேயே இறந்துவிட்டார் என்பதை லண்டன் தமிழரே வருஷாவருஷம் நினைவுப்போட்டி வைத்து உறுதிப்படுத்துகிறார்களாம். கழக மலரில் இறந்த திகதியே அச்சாகியிருக்கிறதாம். அதே மலரில் வந்த, மனைவி தன் கையாலேயே ஞாபகார்த்தக் கேடயம் கொடுக்கும் படத்தையும் பதிலோடு இணைத்திருந்தார்கள். ஆகவே இதில் விசாரிக்க எதுவுமில்லையாம்.

அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள். வெளிறின சேலையில் நின்று, கொடுக்கிற கையை நீட்டிக்கொண்டிருந்தவள் சிரித்துக்கொண்டும் இருந்தாள். அண்ணன்தான் அன்றைக்குச் சிரிக்கச் சொன்னவர்.

அங்கிருந்து நேரே ரயில் பிடித்து மோர்டனுக்குப் போனாள். உடுப்புப் பையோடு வெளிக்கிட்ட பிறகு அந்த வீட்டுப் படியை அவள் மிதிக்கவில்லை. அண்ணன் கதவைத் திறந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது மனுஷனுக்கு. உள்ளே வா பிள்ளை, தேத்தண்ணி குடி என்றார். இந்த வருஷக் கேடயத்தில் பேரை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன், வெறும் வெற்றிக் கேடயம்தான், இனி ஒரு பிரச்சினையும் இல்லை என்றும் சொன்னார்.

அவள் வாசலிலேயே நின்றாள்.

“அவர் எங்கை எண்டு கொழும்பைக் கேட்டன், அண்ணை. நாங்கள்தான் சாக்காட்டிப்போட்டமாம்.”