வெளி டப்பாத் தண்ணீர்

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தலைக்கனம் வயதைவிட அதிகம். போர்ட் பிளேரில் அரசுப் பொறியியல் அலுவலகம் ஒன்றில், மழையளவை வைத்து அணைகளுக்குக் கணக்குப் போடும் பிரிவில் வேலை பார்த்தேன். பிரிவு என்றால் நானும் ஒரு மேஜையும்தான். அறுபதுகளின் பிற்பகுதி அது. குடியேறியவர்கள் காட்டைத் திருத்தி நெல் போட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டு மாதம் மழை கொட்டும், மீதி நான்கு மாதம் குடிதண்ணீருக்கே அலைவார்கள். அதற்காகத்தான் பெரார்கஞ்ச் பக்கம் இரண்டு குன்றுகளுக்கு நடுவே சின்னதாக ஒரு மண்ணணை கட்டினோம்.

மண்ணணையின் உயிர் அதன் கலுங்கில் இருக்கிறது. மிஞ்சிய வெள்ளம் கரைமேல் ஏறிவிடாமல் ஓரமாக வழிந்தோட விடும் கல் கட்டு அது. அதற்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்பதை, ஒரே நாளில் பெய்யக்கூடிய பெருமழைதான் தீர்மானிக்கும். அகலம் போதாவிட்டால் தண்ணீர் கரைமேல் ஏறும். ஏறினால் மண் கரை அரை மணி நேரம் தாங்காது. எங்கள் அணைக்குக் கீழே பதினோரு வீடுகள் இருந்தன. முதல் வீட்டில்தான் எங்களுக்காக மழையை அளந்து எழுதிய அக்கா குடியிருந்தார்.

ராமநாதபுரத்துக்காரர், கணவருக்குத் தோட்டத்தில் வேலை. எட்டாவது வரை படித்தவர், எழுத்து முத்து முத்தாக இருக்கும். தினம் காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து அளந்து நோட்டில் எழுதுவார், மாதக் கடைசியில் பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். கப்பல் தாமதமாகி எங்கள் அலுவலகமே காகிதம் இல்லாமல் கைகட்டி உட்கார்ந்திருந்த மாதத்தில்கூட, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதி அனுப்பினார். மூன்று வருடத்தில் ஒரு நாளும் விட்டுப்போகவில்லை.

அந்த மூன்று வருட மழையையும் கிராஃப் தாளில் வரைந்தேன். சின்ன மழைகள் ஏறியும் இறங்கியும் இருந்தன. பெருமழை நாட்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன, கத்தியால் சீவிவிட்டதைப் போல. மூளை உள்ளவனாக இருந்தால், வானத்துக்கு ஏது கூரை என்று கேட்டிருப்பான். நானோ பெரிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். இந்தப் பகுதியில் ஒரு நாள் மழை இந்த அளவைத் தாண்டுவதில்லை என்று அறிக்கையில் எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

அதோடு விட்டேனா? அலுவலகக் கொல்லையில் மாதிரி ஒன்று செய்தேன். அணையை ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கி, தகரத் தொட்டியில் மண் கரை எழுப்பி, கலுங்கும் வைத்தேன். என் கணக்குப்படி பெருமழை நாளில் எவ்வளவு தண்ணீர் வருமோ, அதே விகிதத்தில் டிரம்மிலிருந்து குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் ஏறியது, கலுங்கு வழியாக அழகாக வழிந்தது, கரை அசையவில்லை. அதிகாரிகள் சமோசா சாப்பிட்டபடி பார்த்துவிட்டுக் கை குலுக்கினார்கள். அந்த அளவுக்கே உண்மையான கலுங்கையும் கட்டினார்கள்.

மே மாதத்தில் மழை தொடங்கிய மூன்றாவது வாரம், புது நோட்டுகள் கொடுக்கவும் அணையைப் பார்க்கவும் போனேன். கலுங்கு மட்டத்துக்கு ஒரு முழம் குறையத் தண்ணீர் நின்றது. கரைமேல் வங்காளிக் குடும்பங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. முந்தின நாள் பகலெல்லாம் விடாத மழை. அக்கா வீட்டு வாசலுக்குப் போனபோது மணி சரியாக எட்டரை.

"வாங்க தம்பி. இருங்க, அளந்துட்டு வந்து சாய் போடுறேன்."

மழைமானி என்பது எளிய சாமான். மேலே புனல், புனலுக்கு அடியில் பாட்டில், பாட்டிலைச் சுற்றி ஒரு தகர டப்பா. அவர் புனலைக் கழற்றினார். பாட்டிலைத் தூக்கி ஓரமாக வைத்தார், கழுத்துவரை நிறைந்திருந்தது. பிறகு வெளி டப்பாவை இரண்டு கையாலும் எடுத்து, அதில் தளும்பிக்கொண்டிருந்த தண்ணீரை மிளகாய்ச் செடிக்கு ஊற்றினார். முந்தானையால் டப்பாவைச் சுத்தமாகத் துடைத்தார். அப்புறம் பாட்டில் தண்ணீரை மட்டும் அளந்து நோட்டில் எழுதினார்.

பாட்டில் நிறைந்த பிறகு பெய்கிற மழை வழிந்து அந்த டப்பாவில்தான் சேரும். டப்பா இருப்பதே அதற்காகத்தான். பெருமழை நாட்கள் எல்லாம் ஏன் ஒரே உயரத்தில் நின்றன என்பது அந்த நொடியில் புரிந்தது. நான் வரைந்தது மழையின் உயரம் அல்ல, பாட்டிலின் உயரம்.

"அக்கா, அந்த டப்பாத் தண்ணிய ஏன் கொட்டினீங்க?"

"அது வெளித் தண்ணியில்ல? கொட்டிட்டுத்தானே அளக்கணும்."

"யாரு சொன்னா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "யாரும் சொல்லணுமா? மொத நாளு நீங்க அப்படித்தானே செஞ்சு காட்டினீங்க. டப்பாவுல கெடந்த பானிய ஊத்திட்டு, தொடச்சிட்டு, அப்புறமா பாட்டில அளந்தீங்க. நீங்க செஞ்சத பார்த்து அப்படியே செய்றேன். ஒரு நாளு மாத்தினதில்ல."

செய்தேன். ஞாபகம் வந்துவிட்டது. மழைமானியைப் பஸ் கூரையில் போட்டுக் கொண்டுவந்த வழியில் மழை. டப்பாவுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. திரும்பிப் போகும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அதைக் கொட்டித் துடைத்துவிட்டு, பாட்டிலில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அளந்து காட்டினேன். டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாய் குடிக்காமல் ஓடினேன்.

பாட்டிலில் இருந்ததைவிட அன்று அவர் செடிக்கு ஊற்றிய தண்ணீர் அதிகம். பஸ்ஸில் வந்த வழியெல்லாம் விரலில் கணக்குப் போட்டேன், குறைத்துக் குறைத்துப் போட்டாலும் இரண்டு மடங்குக்குக் கீழே இறங்கவில்லை. மத்தியானம் கொல்லையில் மாதிரியின் குழாயை இரண்டு பங்கு திறந்தேன். கலுங்கு திணறியது. தண்ணீர் கரையின் நடுவில் விரல் அகலத்துக்கு ஏறியது. அந்த விரல் அகலம் முழங்கை அகலமாக ஆவதற்குள் நான் குழாயை மூடக்கூட முடியவில்லை. தொட்டியில் கரையே இல்லை. கீழே வீடுகளுக்குப் பதிலாக நான் வைத்திருந்த பதினோரு தீப்பெட்டிகளும் சாக்கடையில் கிடந்தன.

என் மேலதிகாரி தஞ்சாவூர்க்காரர், ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தவர். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் எழுந்து போய் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார்.

"சனங்களக் கிளப்பிடலாமாய்யா?"

"எங்க சார் போவாங்க? சுத்தி எல்லாம் சதுப்பு. மழைக்காலம் முழுக்க எங்க வைக்கிறது? கரையை வெட்டித் தண்ணிய இறக்கிடணும்."

"வெட்டலாம். அவசரம்னு நானே உத்தரவு போடலாம். ஆனா காரணம்னு ஒரு வரி எழுதணும். நம்ம ஆபீஸ் தப்புன்னு எழுதினா மெயின்லேண்ட்லேருந்து கமிட்டி வரும். கப்பல்ல வரணும். அவங்க வந்து பார்க்கிற வரைக்கும் கரையில ஒரு கூடை மண்ணைத் தொடக்கூடாதும்பாங்க. அளவெடுத்தவங்க தப்புன்னு எழுதினா, இன்னிக்கே வெட்டலாம்."

அவர் தட்டச்சு செய்யச் சொன்னார். மழையளவு எடுத்தவரின் கவனக்குறைவால் பிழை நேர்ந்தது என்று ஒரு வரி. அடியில் என் கையெழுத்துக்கு இடம். ஒரு பக்கம் பதினோரு வீடு, அதில் முதல் வீடு அந்த அக்காவுடையது. இன்னொரு பக்கம் அவருடைய பெயர். அவரைக் காப்பாற்றத்தான் அவர்மேல் பழி போடுகிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் அல்ல. ஆனால் கையெழுத்துப் போடும்போது கை கொஞ்சமாவது நடுங்கியிருக்க வேண்டும், நடுங்கவில்லை. அந்த உத்தரவு என்னையும் காப்பாற்றியது என்பதை என் கை எனக்கு முன்னாலேயே தெரிந்துவைத்திருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் கலுங்கை ஒட்டிக் கரையை வெட்டினோம். ஆறு மாதம் கூடை கூடையாக மண் சுமந்து அதைக் கட்டியவர்களே மண்வெட்டியோடு வந்து வெட்டினார்கள். "க்யோன் பாபு?" என்று, ஏன் வெட்டுகிறோம் என்று, ஒவ்வொருவரும் கேட்டார்கள். மழை என்றேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடையோடு போய்க்கொண்டே இருந்தது.

நான்காம் நாள் வந்தது அந்த மழை. கரையின் பிளவு வழியாக ஒரு பகல் முழுக்கக் காட்டு மரங்களும் வேர்களும் உருண்டு போனதைப் பார்த்தேன். வெட்டாமல் இருந்திருந்தால் பதினோரு வீட்டில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. அக்கா வீட்டு வாசற்படி வரை தண்ணீர் வந்து திரும்பியது.

மழைமானியைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி அடுத்த வாரம் உத்தரவு. வாங்கப் போனதும் நான்தான். கடிதத்தை அவரே வாசித்தார். கவனக்குறைவு என்ற வார்த்தையில் விரலை வைத்து இன்னொரு தடவை வாசித்தார். பிறகு உள்ளே போய் மழைமானியைத் துடைத்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"அப்ப அந்த டப்பாத் தண்ணியையும் அளக்கணுமா தம்பி?"

"ஆமாக்கா."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"பாவம், உங்களுக்கும் யாரும் சரியாச் சொல்லிக் குடுக்கல போல."

கல்லூரியில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பரீட்சையில் அதே கேள்வி வந்து, அந்த டப்பா எதற்கு என்று எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

"ஆமாக்கா," என்றேன். "யாரும் சொல்லிக் குடுக்கல."